கேட்காமல் மாற்றிய கணினி

நடுவாய்க்கரை
29 அக்டோபர் 2025

அண்ணனுக்கு,

ஒரு வாரமாக நீ போன் செய்கிறாய், நான் எடுக்கவில்லை. இனியும் எடுக்கப்போவதில்லை. போனில் நான் ஒரு வரி சொல்லும் முன் நீ பத்து வரி சொல்லிவிடுவாய். கடிதத்தில் நான் முடிக்கும்வரை உன்னால் குறுக்கே வர முடியாது. எதுவானாலும் எழுது. இதை என் கைபேசியிடம் வாயால் சொல்லித்தான் எழுதி உன் மெயிலுக்கு அனுப்புகிறேன். லேப்டாப்பில் எழுத முடியவில்லை. காரணம் உனக்கே தெரியும்.

தீபாவளிக்கு மறுநாள் நானும் அம்மாவும் தாராசுரத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். திரும்பி வருவதற்குள் நீ சென்னை பஸ் ஏறிவிட்டாய். அடுத்த நாள் காலை மனு எழுதும் கடையைத் திறந்து லேப்டாப்பை ஆன் செய்தேன். விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. வழக்கமாக அரை நிமிடத்தில் குரல் வந்துவிடும். வரவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். ஹெட்போனை மாற்றினேன். ஒலியைக் கூட்டும் பட்டனை எத்தனை முறை அழுத்தினேன் என்று எனக்கே தெரியாது. ஒன்பது வயதில் பார்வை போனதிலிருந்து எனக்கு எல்லாமே காதுதான். பேசாத கணினி எனக்கு மூடி போட்ட தகரப் பெட்டி.

போனில் உன்னிடம் கேட்டபோது எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய். "பயப்படாத செம்மொழி, விண்டோஸ எடுத்துட்டு லினக்ஸ் மிண்ட் போட்டிருக்கேன். புதுசா வர்றவங்களுக்கு இதுதான் ஈஸி. பாக்க அப்படியே விண்டோஸ் மாதிரியே இருக்கும்."

யார் பார்க்க?

அதற்கப்புறம் நான் கத்தியதும் நீ கத்தியதும் நினைவிருக்கும். ஒன்று மட்டும் உனக்குத் தெரியாது. வாய்க்கால் புறம்போக்கில் இருக்கிறீர்கள், காலி செய்யுங்கள் என்று நம் தெருவில் பதினான்கு வீட்டுக்கு நோட்டீஸ் வந்திருந்தது. பதில் மனு கொடுக்கக் கடைசி நாள் இருபத்தேழு. எந்த வருடம் வீடு கட்டினார்கள், எப்போது கரண்ட் வந்தது, எந்தப் பிள்ளை அங்கே பிறந்தது என்று வீட்டுக்கு ஒரு பக்கமாக இருபது நாள் உட்கார்ந்து கேட்டு எழுதியிருந்தேன். எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. சனிக்கிழமை கடைத்தெருவில் ஒரு டிடிபி கடையில் உட்கார்ந்து, நினைவில் இருந்ததைச் சொல்லிச் சொல்லி டைப் அடிக்க வைத்தேன். பதினான்கு பக்கம் மூன்று பக்கமாகிவிட்டது. அதைத்தான் தாலுகா ஆபீஸில் கொடுத்தோம்.

வந்த வேகத்தில் ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை. என்னிடம் ஏன் கேட்கவில்லை என்றுதான் கேட்கிறேன்.

செம்மொழி


சென்னை
31 அக்டோபர்

செம்மொழிக்கு,

நீ சொன்னபடி எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஆபீஸில் எழுதுவது போலத்தான் வரும்.

முதலில், உன் ஃபைல் ஒன்றுகூடப் போகவில்லை. எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் மாற்றினேன், பிறகு அப்படியே உள்ளே வைத்தேன். பதினான்கு வீட்டு விஷயமும் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது, நான் விளையாட்டுக்குச் செய்யவில்லை. உன் விண்டோஸ் பத்துக்கு இந்த மாதம் பதினான்காம் தேதியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. பதினொன்று உன் லேப்டாப்பில் ஏறாது, அது அவ்வளவு பழசு. ஜூலையில் யாரோ கொடுத்த பென் டிரைவில் வைரஸ் வந்து நீ நாலு நாள் தவித்தாயே, அதை மறந்துவிட்டாயா? உன்னிடம் ஊர்க்காரர்களின் ஆதார் நகல் இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது, பத்திரம் இருக்கிறது. கதவில்லாத வீட்டில் அதையெல்லாம் வைத்திருக்க முடியுமா? நான் வேலை பார்க்கும் இடத்தில் நூற்றுக்கணக்கான சர்வர்கள் லினக்ஸில்தான் ஓடுகின்றன. தெரியாத ஒன்றை உன் தலையில் கட்டவில்லை.

திரையைப் படிக்கும் ஆர்கா என்கிற மென்பொருள் அதிலேயே இருக்கிறது. அதை ஆன் செய்து வைக்காமல் வந்தது என் தப்பு. ஒத்துக்கொள்கிறேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஏன் கேட்கவில்லை என்றால், கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாய். சென்னைக்கு வா என்றபோதும் அப்படித்தான் சொன்னாய். புது லேப்டாப் வாங்கித் தருகிறேன் என்றபோதும். எதற்கும் நீ சரி என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை லீவு போட்டு வருகிறேன். ஒரு மணி நேர வேலை.

பரிதி


நடுவாய்க்கரை
8 நவம்பர்

அண்ணனுக்கு,

நல்லவேளை, வெள்ளிக்கிழமை நீ வரவில்லை. வராதே என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னது நான்தான். வந்திருந்தால், நடந்ததைப் பார்த்துவிட்டுத் தெருவுக்குள் நுழைந்திருக்க மாட்டாய்.

செவ்வாய்க்கிழமை மனு திரும்பி வந்தது. மனுவில் காட்டியுள்ள சர்வே எண்ணில் மனுதாரர்கள் யாரும் குடியிருக்கவில்லை என்று ஒரே வரி. நம் தெரு இருநூற்று நாற்பத்தொன்று. டிடிபி கடையில் இருநூற்றுப் பதினாலு என்று அடித்திருக்கிறார்கள். நான் சரியாகத்தான் சொன்னேன். ஆனால் அடித்ததை என்னால் படிக்க முடியவில்லை. "படிச்சுக் காட்டுங்க" என்றதற்கு அந்த ஆள் நான் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு சொன்னானா, தாளைப் பார்த்துச் சொன்னானா, எனக்கு எப்படித் தெரியும்? என் கணினியாக இருந்தால் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லும். இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் பிரிண்ட் கொடுப்பேன். பதினோரு வருடமாக என் கடையிலிருந்து ஒரு எண் தப்பாகப் போனதில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஜேசிபி வந்தது. வாய்க்கால் ஓரத்தில் முதல் வீடு அம்சம் அத்தையுடையது. அவர்களுடைய அடுப்படியும் ஆட்டுக்கொட்டகையும் போய்விட்டன. நான் ஓடிப்போய் நிற்கும்போது தகரம் கிழியும் சத்தம். பிறகு ஆட்டுக்குட்டிகள். தெருவே வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தது, நானும் உட்கார்ந்தேன். வருவாய் ஆய்வாளர் ஆர்.ஐ. வந்து, "புது மனு குடுங்க, இருபத்துநாலாந் தேதி வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன். அதுக்கு மேல என் கையில இல்லங்க" என்றார்.

எல்லோரும் போன பிறகு அத்தை என் பக்கத்தில் வந்தார்கள். திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"நீ எழுதினா தப்பா வராதுன்னுதான ஒங்கிட்ட குடுத்தோம்" என்றார்கள். அவ்வளவுதான்.

இதில் உன் பெயரை நான் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்ற இல்லை. சொன்னால் அது சாக்குச் சொன்னது போல இருக்கும்.

திருத்துறைப்பூண்டியில் அன்சார் என்று ஒருவர் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். விண்டோஸைத் திரும்பப் போட்டுத் தருகிறேன் என்கிறார். எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் போட வேண்டுமாம். அந்தப் பதினான்கு பக்கம் எனக்கு வேண்டும். திரும்பவும் அத்தனை பேரையும் உட்கார வைத்து முதலிலிருந்து கேட்க எனக்கு முகம் இல்லை. அதை எப்படி வெளியே எடுப்பது, எழுது. திங்கட்கிழமைக்குள் எழுது. வேறு எதுவும் எழுதாதே.

செம்மொழி


சென்னை
9 நவம்பர்

செம்மொழி,

அன்சாரிடம் கொடுக்காதே. யாரிடமும் கொடுக்காதே. நான் சொல்கிறபடி செய்.

ஆன் செய்து, விசிறிச் சத்தம் அடங்கும்வரை இரு. உன் பழைய பாஸ்வேர்டுதான். சத்தம் வராவிட்டாலும் பரவாயில்லை, அடித்து என்டர் தட்டு. சின்னதாக ஒரு இசை வரும், அப்படியென்றால் உள்ளே போய்விட்டாய். ஆல்ட், விண்டோஸ் விசை, எஸ், மூன்றையும் சேர்த்து அழுத்து. பேச ஆரம்பிக்கும். ஆங்கிலத்தில் பேசும். இன்சர்ட்டையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் அமைப்பு திறக்கும், குரல் என்ற பகுதியில் தமிழ் இருக்கிறது. உன் ஃபைல்கள் டாகுமெண்ட்ஸில், "செம்மொழி கடை" என்ற ஃபோல்டரில்.

இதை நான் இங்கே என் லேப்டாப்பில் திரையின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். முதல் தடவை பாஸ்வேர்டைத் தாண்டவே முடியவில்லை. நாலாவது தடவைதான் உள்ளே போனேன். ஃபோல்டரைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆனது. உன் கஷ்டம் இப்போது புரிகிறது.

அம்சம் அத்தையிடம் நான் பேச வேண்டும். நம் அம்மா வயலுக்குப் போகும் நாளில் எனக்கு அந்த அடுப்படியில்தான் சோறு. நீ எதுவும் எழுதாதே என்றாய், எழுதிவிட்டேன்.

பரிதி


நடுவாய்க்கரை
18 நவம்பர்

அண்ணனுக்கு,

துண்டைப் போட்டு மூடியதால் என் கஷ்டம் புரிந்துவிட்டது என்று இன்னொரு தடவை எழுதாதே. நீ துண்டை எடுத்தால் முடிந்தது. அதோடு, எனக்குக் கண் தெரியாதது கஷ்டமில்லை. அதை நான் பழகி இருபத்துமூன்று வருடமாகிறது. என்னைக் கேட்காமல் நீ செய்ததுதான் கஷ்டம். இரண்டையும் கலக்காதே.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

இசை வந்தது. மூன்று விசையையும் அழுத்தினேன். பேசியது. பத்தொன்பது நாளுக்குப் பிறகு பேசியது. நான் அழுததை அம்மா பார்த்துவிட்டார்கள், உன்னிடம் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஃபைலைத் திறந்தால் ஆங்கிலம் வந்த இடத்தில் மட்டும் குரல் வந்தது. தமிழ் வந்த இடமெல்லாம் புரியாத முனகல். நீ சொன்ன குரல் பகுதியைத் தேடித் தமிழை வைக்க ஒரு காலைப்பொழுது போனது. வைத்ததும் கேட்டால், அதே பழைய குரல். விண்டோஸில் எனக்குப் படித்த அதே மூக்கடைத்த குரல். இத்தனை கலவரத்துக்கும் நடுவில் அது மட்டும் ஊர் மாறாமல் இருந்தது.

பிறகு டைப் அடித்தால் தமிழ் விழவில்லை. நீ தமிழ் விசைப்பலகையைப் போட மறந்திருக்கிறாய். அதையும் நானே கண்டுபிடித்துச் சேர்த்தேன். உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை.

அம்சம் அத்தையைக் கடைக்கு வரச் சொன்னேன். வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவர்களுடைய பக்கத்தைச் சத்தமாகப் படிக்க வைத்தேன். எண்பத்தொன்பதாம் வருடம் கூரை போட்டது, மாமா இறந்தது, மகள் பிறந்தது எல்லாம் அந்தக் குரலில் வந்தது. முடிந்ததும், "அடுப்படி இடிச்சதையும் சேத்து எழுது" என்றார்கள். சேர்த்தேன். மறுபடி படிக்க வைத்தேன். சர்வே எண் வந்தபோது நிறுத்தி, ஒவ்வொரு எண்ணாகக் கேட்டோம். பதினான்கு வீட்டுக்கும் அப்படியே செய்தேன். நேற்று மனு உள்ளே போயிருக்கிறது. விசாரணை டிசம்பரில்.

உன் மேல் உள்ள கோபம் குறையவில்லை. ஆனால் கணினி விஷயத்தில் முடிவெடுக்க வேண்டும், அதற்குக் கோபம் உதவாது. நீ சொன்ன வைரஸ் விஷயத்தை யோசித்தேன். ஊர் ஆதார் எல்லாம் என்னிடம் இருப்பது உண்மைதான், பயமாகத்தான் இருக்கிறது. இது விண்டோஸைவிடச் சீக்கிரம் திறக்கிறது, அதுவும் உண்மை. பதினோரு வருடமாக விரல் பழகிய விசைகளில் பாதி இங்கே வேறாக இருக்கிறது. ஒரு மனுவுக்கு நாற்பது நிமிடம் ஆன இடத்தில் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. வெளியே ஆள் காத்திருக்கிறார்கள். என் ஸ்கேனர் இதில் வேலை செய்யுமா என்று இன்னும் பார்க்கவில்லை.

எனக்கு இரண்டும் வேண்டும். விண்டோஸைத் திரும்பப் போடும் வழி ஒன்று. லினக்ஸ் எதையாவது போடாமலேயே ஓட்டிப் பார்க்கும் வழி ஒன்று. அப்படி ஒன்று உண்டு என்று கைபேசியில் படித்தேன். நீ ஏன் அதைச் சொல்லவே இல்லை? நான் ஓட்டிப் பார்த்து நான் முடிவு செய்வேன். நீ எந்தப் பக்கமும் தள்ளக்கூடாது.

செம்மொழி


சென்னை
21 நவம்பர்

செம்மொழி,

கூரியரில் இரண்டு பென் டிரைவ் அனுப்பியிருக்கிறேன். ரப்பர் பேண்ட் சுற்றியது விண்டோஸ் பத்து. அதற்கு இன்னும் ஒரு வருடம் பாதுகாப்பு அப்டேட் வாங்க வழி இருக்கிறது, பதிவு செய்ய வேண்டும், முறையைத் தனி ஃபைலில் எழுதி வைத்திருக்கிறேன். இது எனக்குத் தீபாவளிக்கு முன்பே தெரியும். சொல்லவில்லை. சொன்னால் நீ அதைத்தான் எடுப்பாய் என்று நினைத்தேன்.

ரப்பர் பேண்ட் இல்லாததில் மூன்று வகை லினக்ஸ் இருக்கிறது. எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். எது நல்லது என்று எழுதத் தொடங்கி அழித்துவிட்டேன்.

ஏன் ஓட்டிப் பார்க்கும் வழியைச் சொல்லவில்லை என்று கேட்டாய். அதைச் செய்ய உன் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு வேலை சீக்கிரம் முடிய வேண்டியிருந்தது. பாதுகாப்பு, வைரஸ் என்று நான் எழுதியதெல்லாம் பொய்யில்லை. ஆனால் உன் விஷயத்தில் எதைச் செய்தாலும் ஒரே நாளில் முடித்துவிட்டுப் பஸ் ஏற வேண்டும் என்றுதான் நான் இருந்திருக்கிறேன். இதை எழுத மூன்று நாள் ஆனது.

அம்சம் அத்தைக்குப் போன் செய்தேன். நான் செய்த வேலையால்தான் மனு தப்பாகப் போனது என்று சொன்னேன். "பரிதி, நீ சொல்றது எனக்குப் புரியல. ஆனா செம்மொழி மேல தப்பில்லன்னு சொல்ற, அதானே?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். "அத தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லு" என்று வைத்துவிட்டார்கள்.

அன்று மாலைக்குள் மற்ற பதிமூன்று வீட்டுக்கும் போன் செய்தேன். ஒருவர் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

பரிதி


நடுவாய்க்கரை
9 ஜனவரி 2026

அண்ணனுக்கு,

தாமதமாக எழுதுகிறேன். மழை, விசாரணை, கடை என்று நாள் போய்விட்டது.

நீ போன் செய்ததை நீ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தெருவில் யாரும் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. ஆனால் அடுத்த நாளே, அதுவரை என் கடைக்கு வராமல் இருந்த தெருக்காரர்கள் இரண்டு பேர் மனு எழுத வந்தார்கள்.

விசாரணை டிசம்பர் பதினைந்தில் நடந்தது. தாசில்தார் பதினான்கு பக்கத்தையும் படித்தார். சர்வேயர் வந்து அளந்து முடிக்கும்வரை எந்த வீட்டிலும் கை வைக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பட்டா வருமா என்று யாருக்கும் தெரியாது. அம்சம் அத்தையின் அடுப்படிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்கள் மூன்று கல்லை வைத்து வாசலில் சமைக்கிறார்கள். மழையில் குடை பிடித்துக்கொண்டு சமைத்ததை நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அதை நாம் இரண்டு பேரும் எவ்வளவு எழுதினாலும் மாற்ற முடியாது.

கணினி விஷயம். உன் மூன்று வகையையும் தலா நாலு நாள் ஓட்டிப் பார்த்தேன். ஒன்று அழகான வேகம், ஆனால் என் கைக்கு வரவில்லை. ஒன்றில் ஸ்கேனர் அசையவில்லை. கடைசியில் மிண்டையே வைத்துக்கொண்டேன். நீ போட்டதை அழித்துவிட்டு மறுபடி நானே போட்டேன். முதல் தடவை ஒரு பக்கத்தில் தப்பான விசையை அழுத்திப் பாதியில் நின்றுவிட்டது. இரண்டாவது தடவை முடிந்தது. கடையை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்து செய்தேன். பாஸ்வேர்டு கேட்கும் இடத்திலேயே இப்போது பேசுகிறது. ஒரு மனுவுக்கு ஐம்பது நிமிடத்துக்கு வந்துவிட்டேன்.

நான் சொன்னது சரிதானே என்று எழுதாதே. அதே பெயர்தான், ஆனால் அது நீ போட்டது இல்லை.

போன வாரம் பேராவூரணியிலிருந்து கமருன்னிஸா டீச்சர் பேசினார்கள். தஞ்சாவூரில் நான் படித்தபோது பிரெய்ல் சொல்லிக்கொடுத்தவர்கள், அவர்களுக்கும் கண் தெரியாது. இனி வேண்டாம், நானே போட்டுவிட்டேன் என்று அன்சாரிடம் சொல்லியிருந்தேன், அவர் கடையில் என்னைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். "நீயே மாத்திட்டியாமே, எனக்கும் வந்து மாத்திக் குடும்மா" என்றார்கள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? பென் டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அங்கே போய் உட்கார்ந்து, காலையிலிருந்து என்னென்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மதியச் சாப்பாடு வரை சொன்னார்கள். ஏழு பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தைப் பிரெய்லில் அச்சடித்துத் தருகிறார்கள். அந்த மெஷினுக்கான மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும், கம்பெனிக்குப் போன் செய்தும் கேட்டுவிட்டேன். பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது.

வேண்டாம் டீச்சர், இப்போதைக்கு இதுவே இருக்கட்டும் என்றேன். அவர்கள் முகம் வாடியிருக்க வேண்டும், குரலில் தெரிந்தது. ஒரு வருட அப்டேட்டுக்குப் பதிவு செய்துகொடுத்துவிட்டு, தெரியாத பென் டிரைவை எப்படிச் சோதிப்பது என்று காட்டிவிட்டு, நான் கொண்டுபோனதைப் பையிலிருந்து வெளியே எடுக்காமலேயே திரும்பி வந்தேன். வரும் வழியெல்லாம் உன் மேல் கோபமாக இருந்தது. கேட்பதற்கு ஒரு காலைப்பொழுதுதான் ஆகியிருக்கிறது, அண்ணே. ஒரே ஒரு காலைப்பொழுது.

பொங்கலுக்கு வா. போகியன்றே வந்துவிடு. அத்தைக்கு அடுப்படி கட்டத் தெருக்காரர்கள் கீற்றும் மூங்கிலும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஆள்தான் போதவில்லை. நாலு நாள் இருக்கிற மாதிரி லீவு போட்டுக்கொண்டு வா.

செம்மொழி